95 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

2003 ஜனவரியில் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டு வகுப்புக்குள் ஆங்கிலம் இரண்டு பாடங்களின் வழியாக நுழைந்தது. அறிவியலும் கணிதமும் இனி ஆங்கிலத்தில். பிபிஎஸ்எம்ஐ என்று அந்தக் கொள்கைக்குப் பெயர். ஆசிரியர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். வகுப்புக்கு எல்சிடி வந்தது. பாடமே குறுந்தட்டில் வந்தது. 2009 ஜூலையில், இந்தத் திட்டத்தைக் கைவிடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். நான் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2004-ல், ஆறாம் ஆண்டு படித்தது 2009-ல். எனக்காகவே தைத்த சட்டை மாதிரி அளவு அவ்வளவு பொருத்தம்.

எங்கள் வயதுக்காரர்களின் தமிழில் இதனால் ஒரு ஓட்டை உண்டு. திருக்குறள் தெரியும். 'நான் ஒரு குடை' என்று தன்கதை எழுதச் சொன்னால் மூன்று பக்கம் எழுதுவோம். ஆனால் பின்னம், பரப்பளவு, அடர்த்தி, உராய்வு இதெல்லாம் எங்கள் வாயில் ஆங்கிலமாகத்தான் வரும். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள்தான், வீட்டிலும் தமிழ்தான், நண்பர்களோடும் தமிழ்தான். பேச்சு கணக்குப் பக்கமோ கருவிப் பக்கமோ திரும்பினால் மட்டும் நாக்கு தானாகத் தடம் மாறிக்கொள்ளும்.

அந்தக் கொள்கை சரியா தவறா என்று இங்கே பேச வரவில்லை. அதைப் பேசித் தீர்த்துவிட்டார்கள். 2016-ல் டிஎல்பி என்ற பெயரில் அதே விவாதம் திரும்ப வந்தபோது இன்னொரு சுற்றும் பேசினார்கள். இரண்டு தடவையும் இரண்டு தரப்பும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தன: எந்த மொழியில் படித்தால் பிள்ளை அதிக ஏ எடுக்கும்? பள்ளியில் கற்றதை அந்தப் பிள்ளை தன் அம்மாவிடம் எந்தச் சொற்களால் சொல்லும் என்ற கேள்வி பெரிதாக எழுந்து நான் கேட்டதில்லை.

எங்கள் அம்மா கொழுந்து பறித்தவர். தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கேமரன் மலையில் தேயிலை பெரிய அளவில் வந்தது 1929-ல், ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது. ஒப்பந்தக் கூலி முறை 1910-லேயே முடிந்திருந்தது. தொழிலாளர்களை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை 1938-ல் இந்திய அரசு தடுத்தது. ஆக, எங்கள் மலைக்கு ஆள் வந்த கதை பெரும்பாலும் அந்த ஒன்பது பத்து வருட இடைவெளியிலும் அதற்குப் பிறகும் நடந்தது. ரப்பர் தோட்டத்துக் கதையைவிடச் சின்னது, பிந்தியது. இந்த எளிய கூட்டல் கழித்தலை எந்தப் புத்தகத்திலும் நான் பள்ளியில் படிக்கவில்லை. வரலாற்றுப் பாடநூலில் எங்கள் ஆட்கள் ஈயத்துக்கும் ரப்பருக்கும் நடுவே சில வரிகளில் வந்து போனார்கள். தேயிலை அதற்குள்ளும் வரவில்லை.

சரி, பாடநூலை விடுவோம். பாடநூல் எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதப்படுவது. பாடநூலுக்கு வெளியே, ஒரு பிள்ளை சும்மா எடுத்துப் படிக்கும் அறிவியல் புத்தகம், கணக்குப் புத்தகம், வரலாற்றுப் புத்தகம் தமிழில் எங்கள் கைக்கு வந்ததா? நான் சிறுவனாக இருந்தபோது ஈப்போவுக்குப் போனால் அப்பா தமிழ்ப் புத்தகக் கடைக்குள் கூட்டிப்போவார். ஒரு சுவர் முழுக்கப் பயிற்சிப் புத்தகம். அறிவியல் என்றால் மாதிரிக் கேள்வி, கணிதம் என்றால் மாதிரிக் கேள்வி, வரலாறு சோதனையில் இல்லை, அதனால் அதற்கு அலமாரியும் இல்லை. கடைசிப் பக்கத்தில் விடைப்பட்டியல் இல்லாத ஓர் அறிவியல் புத்தகத்தைத் தமிழில் நான் முதலில் பார்த்தது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, அதுவும் கைப்பேசித் திரையில்.

அதற்கு முன் ஐந்தாம் ஆண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அறிவியல் அறையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பநிலை பார்க்கும் சோதனை. பீக்கரில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. வெப்பமானி 95-ல் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்தோம். 95. எங்கள் குழுவில் ஒருத்தி பக்கத்துக் குழுவிடம் போய்ப் பார்த்து வந்தாள். அங்கேயும் 95-தான். ஆசிரியர் வந்து பார்த்தார். "தெர்மோமீட்டர் ரோசாக். எல்லாரும் 100-ன்னு எழுதிக்குங்க" என்றார். எழுதினோம். எல்லாருக்கும் சரி போட்டார்.

வெப்பமானிகள் எதுவும் ரோசாக் ஆகவில்லை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் 85 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். மேலே இருந்து அழுத்தும் காற்று குறைந்தால் தண்ணீர் ஆவியாகக் குமிழியிட்டுக் கிளம்புவது சுலபம். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி அளவில் இறங்கும் என்று தோராயமாக ஒரு கணக்கு உண்டு. எங்கள் ஊரில் தண்ணீர் 95 டிகிரியில் கொதிப்பதுதான் இயற்கை. அந்த வகுப்பில் இருந்த ஆறு வெப்பமானியும் உண்மையைச் சொன்னது.

ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்த குறுந்தட்டில் 100 என்று இருந்தது. அது கடலோரத்தில் இருப்பவர்களுக்காகச் செய்த தட்டு. எனக்கு வலிப்பது வேறு. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அரை மைல் தள்ளி இருந்த எங்கள் வீட்டில் பாட்டிக்கு இது தெரியும். "கீழ தாப்பாவுல உங்க சித்தி வீட்டுல பருப்பு போட்டா பட்டுனு வெந்துடும். இங்க குக்கர் இல்லாம ஆவாது" என்று பாட்டி வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். குக்கர் மூடிக்குள் அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும், பருப்பு வேகும். 1679-ல் தெனி பப்பான் செய்து காட்டிய அதே வித்தை. பாட்டியின் பருப்பும் பள்ளியின் பீக்கரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டையும் இணைக்க ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் எழுதிய புத்தகம் எங்கள் யாரிடமும் இல்லை.

அந்தப் பக்கத்தை நான் படித்தது யாக்கவ் பெரல்மானிடம். ருஷ்யாக்காரர். 1913-ல் வந்த அவருடைய பௌதிகப் புத்தகம் உலகம் முழுக்கப் போனது. தமிழில் 'பொழுதுபோக்குப் பௌதிகம்' என்று மாஸ்கோவின் மீர் பதிப்பகம் போட்டது. அதை யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு பக்கமாக வருடி இணையத்தில் ஏற்றியிருந்தார். பக்க ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்கூட ஓரிடத்தில் தெரியும். கொதிக்கும் தண்ணீர் எப்போதும் சூடாகத்தான் இருக்குமா என்று கேட்டு, பெரல்மான் ஜூல்ஸ் வெர்னின் ஒரு நாவலுக்குள் நம்மைக் கூட்டிப்போவார். வால்நட்சத்திரம் ஒன்றின்மேல் மாட்டிக்கொண்ட ஒரு படைவீரனும் வேலையாளும் முட்டை வேகவைக்கிறார்கள். தண்ணீர் சட்டென்று கொதித்துவிடுகிறது, முட்டை வேகவில்லை. வெப்பமானி 66 காட்டுகிறது. அந்த இரண்டு பேரும் வெப்பமானி கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டவில்லை. காற்றைச் சந்தேகிக்கிறார்கள்.

விடுதி அறையில் படுத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. அதற்குள் வெப்பவியலில் இரண்டு பருவத் தேர்வு எழுதி முடித்திருந்தேன். அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் உள்ள சமன்பாடு எனக்கு மனப்பாடம். ஆனால் அது பாட்டியின் பருப்பைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் தமிழில் தெரிந்தது. பெரல்மான் 1942-ல் லெனின்கிராடு முற்றுகையில் பட்டினியால் இறந்தார் என்பதைப் பிறகு படித்தேன். முட்டையையும் சமையலையும் வைத்து அவ்வளவு எழுதிய மனிதர்.

அறிமுக நூல் என்றால் என்ன என்பதை அவரிடமிருந்துதான் புரிந்துகொண்டேன். நிறையப் பேர் அதைப் பெரிய புத்தகத்தின் சுருக்கம் என்று நினைக்கிறார்கள். பத்து அத்தியாயத்தை இரண்டாக்கி, கடினச் சொல்லுக்கு அடிக்குறிப்புப் போட்டு, அட்டையில் ஐன்ஸ்டீன் படத்தை ஒட்டினால் முடிந்தது. அப்படி எழுதிய புத்தகங்கள் தமிழிலும் மூட்டை மூட்டையாக உண்டு. பெரல்மான் செய்தது வேறு. வாசகன் நிற்கும் இடத்தில் தானும் போய் நின்றுகொள்கிறார். அங்கிருந்து நடக்க ஆரம்பிக்கிறார்.

நம் ஆட்களில் இதைச் செய்தவர்கள் உண்டு, முந்திய தலைமுறையிலேயே. ராஜாஜி ஒரு வேதியியல் நூல் எழுதியிருக்கிறார். அதன் பெயர் 'திண்ணை ரசாயனம்'. ஆய்வுக்கூடத்தில் நடக்க வேண்டியதைத் திண்ணைக்குக் கொண்டுவரும் தைரியம் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. செடிகளின் மகரந்தச் சேர்க்கையைப் பற்றிய நூலுக்கு 'தாவரங்களின் இல்லறம்' என்று பெயர் வைத்தார். அரசியலில் அவரைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். எனக்கும் அவர்மேல் சில கோபங்கள் உண்டு. ஆனால் 1916-லேயே சேலத்தில் வேங்கடசுப்பையரோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொல்லுக்காக ஒரு சங்கம் தொடங்கியவர் அவர். பெ.நா. அப்புசாமி தொழிலால் வழக்கறிஞர். 1891-ல் பிறந்து 1986 வரை வாழ்ந்தவர். அணுவிலிருந்து மின்சாரம் வரை அறுபது வருடத்துக்கு மேல் தமிழில் அறிவியல் எழுதினார். அவருடைய வாக்கியங்களில் ஒரு வக்கீலின் பொறுமை தெரியும். எதிரில் இருப்பவர் ஒன்றும் அறியாதவர், ஆனால் முட்டாள் அல்ல என்று நம்பி எழுதும் பொறுமை. பெரியசாமித் தூரன் முன்னின்று முடித்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும், அதற்குப் பிறகு வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் இன்று இணையத்தில் இலவசம். 1987-லிருந்து 'துளிர்' வருகிறது. இரா. நடராசனின் 'ஆயிஷா'வைப் படிக்காத இலக்கிய வாசகர் குறைவு. அது ஓர் அறிவியல் நூலுக்கு ஆசிரியை எழுதும் முன்னுரையாகச் சொல்லப்பட்ட கதை என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். கேள்வி கேட்ட பிள்ளைக்கு என்ன ஆனது என்று அழுகிறோம். அந்த முன்னுரைக்குப் பின்னால் ஒரு புத்தகம் இருக்க வேண்டுமே, அது எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

இவ்வளவு இருந்தும் என் சிக்கல் தீரவில்லை. இவற்றைப் படிக்கப் படிக்க எனக்குச் சொற்கள் கிடைத்தன. அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அவை அங்கே செல்லுபடியாகவில்லை.

ஒரு வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் மூச்சாக வெளியே விடுவது. பழைய புத்தகத்தில் அது கரியமில வாயு. இன்றைய தமிழ்நாட்டுப் பாடநூலில் கார்பன் டை ஆக்சைடு. இலங்கையில் காபனீரொட்சைட்டு. எங்கள் தமிழ்ப்பள்ளிகளில் கரிவளி. நான் ஆங்கிலத்தில் படித்ததால் எனக்கு இந்த நான்கும் ஒரே தூரம். பொறியியலுக்குள் போனால் இன்னும் வேடிக்கை. ஒரு பொருளின் உள்ளே பரப்புக்கு இவ்வளவு என்று தாங்கும் விசைக்குத் தமிழ்நாட்டில் தகைவு, இலங்கையில் தகைப்பு. அதனால் அந்தப் பொருள் நீளுவதும் சுருங்குவதும் தமிழ்நாட்டில் திரிபு, இலங்கையில் விகாரம். அம்மாவிடம் "பாலத்துக்கு விகாரம் வந்திருக்கு" என்று சொன்னால் என்ன நினைப்பார்?

இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு குழு உட்கார்ந்து மண்டையை உடைத்திருக்கிறது. சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860-களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுக்க முடிவெடுத்தபோது, உடற்கூறும் அறுவையும் பிரசவமும் சொல்லித்தரும் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். உடற்கூற்றுக்கு 'அங்காதிபாதம்' என்று கண்டுபிடித்தவர்கள், வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று வைத்தார்கள். இருக்கும் சொல் இருந்தால் அது, இல்லாவிட்டால் வந்த சொல்லையே நம் நாக்குக்கு வளைத்துக்கொள்வது. 150 வருடத்துக்கு முன் அவர்களுக்கு இருந்த அவசரம் ஒன்றுதான்: அந்த மாணவன் நாளைக்கு நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேச வேண்டும். சொல் தூயதா கலப்பா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

என் தாத்தாவிடம் ஒரு கலைச்சொல் பட்டியல் உண்டு, யாரும் அச்சடிக்காதது. தேயிலையை வாட்டுவது, உருட்டுவது, பதம் பார்ப்பது. உருட்டிய இலையைப் பரப்பிவைக்கும் அறையை அவர் 'பெர்மெண்டிங் ரூம்' என்பார். தமிழ்ப் புத்தகங்களில் அதை நொதித்தல் என்று எழுதுகிறார்கள். நொதித்தல் என்றால் இட்லி மாவில் நடப்பது, நுண்ணுயிர்கள் செய்வது. கறுப்புத் தேயிலையில் அது நடப்பதில்லை. இலையை உருட்டும்போது அதன் உயிரணுக்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கட்டெச்சின்களும் கலக்கின்றன. காற்றில் உள்ள ஆக்சிஜன் சேர்ந்ததும் இலை சிவக்கிறது. வெட்டி வைத்த ஆப்பிள் கறுப்பதும் இதே சங்கதிதான். ஆங்கிலத் தோட்டக்காரர்கள் அந்தக் காலத்தில் தப்பாக வைத்த பெயரை நாம் பொறுப்பாக மொழிபெயர்த்துக்கொண்டோம். "பெர்மெண்டிங்னா புளிக்கிறதா தாத்தா?" என்று ஒரு தடவை கேட்டேன். "புளிச்சா தூக்கிப் போட்டுருவோம். அது நெறம் மாறுறதுடா. காத்து படணும், சூடு ஏறக்கூடாது. ஏறிட்டா வாசம் போயிரும்" என்றார். வேதியியல் அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. புத்தகத்துக்குத்தான் தெரியவில்லை.

கணக்கும் அப்படித்தான். ஏறக்குறைய நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். தராசில் ஏற்றும்போதே அம்மா விகிதம் போட்டுவிடுவார், ஈர இலைக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பது உட்பட. 'கணக்கதிகாரம்' என்று ஒரு பழைய தமிழ்க் கணித நூல். பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியிருக்கும் முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் உள்ளே எத்தனை சுளை என்று தெரியும் என்கிறது. உண்மையா என்று சோதிக்க ஆசைதான். எங்கள் குளிருக்குப் பலா வராது, கீழே இருந்து வருவதைக் கடைக்காரர் வெட்டித்தான் விற்கிறார். ஆனால் அந்தக் கணக்கை எழுதியவர், படிப்பவர் கையில் என்ன இருக்கும் என்று பார்த்து எழுதியிருக்கிறார். தமிழ் எண்சுவடிகளும் அளவைகளும் எப்படி வேலையிலிருந்து, உழைப்பிலிருந்து வந்தன என்று செந்தில் பாபு ஒரு முழு ஆய்வு நூலே எழுதி 2022-ல் வெளியிட்டார். அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

இதெல்லாம் ஒரு வாசகனின் குறை என்றுதான் நானும் வைத்திருந்தேன், போன வருடம் அந்தக் கூட்டம் நடக்கும்வரை.

நான் சிவில் படித்தவன். மண், சரிவு, தாங்குசுவர் இவைதான் வேலை. கேமரன் மலையில் இந்த வேலைக்குப் பஞ்சமே வராது. 2011 ஆகஸ்டில் சுங்கை ருயில் பூர்வகுடிக் கிராமத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அப்போது நான் இரண்டாம் படிவம். 2013 அக்டோபரில் ரிங்லெட் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஊருக்குள் புகுந்தது. மேலே மலையை வெட்டினால் மண் கீழே ஏரியில் வந்து சேரும், ஏரி மேடானால் தண்ணீருக்கு இடமிருக்காது. இதை எங்கள் ஊரில் எல்லாருமே அறிவார்கள்.

ஒரு தோட்டத்தில், பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு சரிவு. சோதனை போட்டாகிவிட்டது. அக்டோபர் மழைக்கு முன்னால் அந்த வரிசையில் இருப்பவர்கள் கொஞ்ச நாளைக்கு வேறு இடம் போக வேண்டும், அங்கே ஏற்கெனவே இருக்கும் தாங்குசுவரில் சிலதைச் செய்யக்கூடாது. விளக்கக் கூட்டம் வைத்தார்கள். திரையில் மலாய். பாதுகாப்புக் காரணி 1.1 என்று பெரிய எழுத்தில் இருந்தது. உட்கார்ந்திருந்த இருபது முப்பது பேரில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்க இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். அவர்களும் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு மலாய் ஓரளவு புரிந்தது. நம் பாட்டிகளுக்கும் புரிந்தது, பாசார் மலாய். அந்த மலாயில் பாதுகாப்புக் காரணி இல்லை.

"நீ தமிழ்தானே, கொஞ்சம் சொல்லிவிடு" என்றார்கள். எழுந்தேன். சரிவைக் கீழே இழுக்கும் விசை, அதைப் பிடித்து நிறுத்தும் விசை, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது இந்த எண், ஒன்றுக்குக் கீழே போனால் விழும் என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு பாட்டி கேட்டார்:

"ஒண்ணுக்கு மேலதானே இருக்கு தம்பி. அப்புறம் எதுக்கு எங்கள எழுப்புறீங்க?"

கேள்வி அவ்வளவு கூர்மை. புதிதாக வெட்டும் சரிவுக்கு நாங்கள் 1.5 வரை எதிர்பார்ப்போம், ஏனென்றால் மழையில் அது குறையும். ஏன் குறையும்? ஆங்கிலத்தில் இதற்குக் கார்ல் டெர்சாகி 1925-ல் எழுதிவைத்த விடை இருக்கிறது, ஒரு கழித்தல் கணக்கு. மொத்தப் பாரத்திலிருந்து துளைநீர் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மண்ணின் பலம். துளைநீர் அழுத்தம் என்ற சொல்லும் அதற்குள் எனக்குத் தெரியும். அதை அங்கே சொல்லியிருந்தால் மலாய்த் திரைக்குப் பக்கத்தில் இன்னொரு திரை வைத்த மாதிரி இருந்திருக்கும்.

தாத்தா கான் வெட்டப் போன காலத்துக் கதைகள் சொல்வார். கான் என்றால் தேயிலை மலையில் குறுக்காக, மழைத்தண்ணீர் ஓடிப்போக வெட்டும் சிறு வாய்க்கால். "கான் தூர்ந்துபோனா தண்ணி உள்ள எறங்கும். எறங்குனா மண்ணு பிடி விட்டுரும்" என்பார். பிடி. இந்த ஒரு சொல் போதும். மண்ணுக்குப் பிடி இருக்கிறது, காய்ந்த நாளில் ஒரு பிடி, நனைந்த நாளில் ஒரு பிடி. "அந்த 1.1 காஞ்ச நாளோட கணக்கு பாட்டி. தண்ணி எறங்கினா பிடி விட்டுரும், எண்ணு ஒண்ணுக்குக் கீழ போயிரும்" என்றேன். பாட்டி தலையாட்டினார். ஆனால் இன்னொருவர், கான் வெட்டிய ஆளாகத்தான் இருக்க வேண்டும், விடவில்லை. "தண்ணி போனா ஏன் பிடி விடுது? தண்ணி தெளிச்சாத்தானே மண்ணு ஒட்டுது, சுவர் வைக்கிறோம்?"

கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்திருந்தார்கள், கண்ணாடி டம்ளரில். வெந்நீரில் அலசிய ஒரு காலி டம்ளரை வாங்கி, ஈரமான மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். எங்கள் வீட்டில் சின்ன வயதில் பார்த்த விளையாட்டு. டம்ளர் தானாக நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை, மேசையும் கொஞ்சம்தான் சாய்வு. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூட்டில் விரிந்து டம்ளரைக் கொஞ்சம் தூக்குகிறது. டம்ளரின் எடை இப்போது மேசைமேல் முழுதாக இறங்கவில்லை, நடுவில் இருக்கும் காற்று பாதியை வாங்கிக்கொண்டது. மேசையை அழுத்தாத டம்ளருக்கு மேசைமேல் என்ன பிடி? மண்ணுக்குள்ளும் தண்ணீர் அதைத்தான் செய்கிறது. கொஞ்சம் ஈரம் ஒட்டவைக்கும். நிறையத் தண்ணீர் உள்ளே மாட்டிக்கொண்டால் மேலிருக்கும் மலையைத் தூக்கும்.

ஹப்பர்ட், ரூபி என்ற இரண்டு அமெரிக்கப் புவியியலாளர்கள் 1959-ல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரையில் கிட்டத்தட்ட இதையே செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தியது குளிரவைத்த காலி பீர் டின். ஈரக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தால் மிகச் சிறிய சாய்விலேயே வழுக்கிக்கொண்டு போகும். மலைத்தொடர்கள் நகர்வதை விளக்க அவர்களுக்கு ஒரு பீர் டின் போதுமாக இருந்தது.

கான் வெட்டிய பெரியவர் டம்ளரைத் தானும் ஒரு தடவை நகர்த்திப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப சுவத்துல இருக்கிற சின்னச் சின்னக் கொழாய்ல தண்ணி வருதே, அதுதான் இந்தக் காத்து வெளிய போற வழியா?" ஆமாம். தாங்குசுவரில் விடும் அந்தக் குழாய்கள் உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றத்தான். வாசலெல்லாம் சேறாகிறது, பாம்பு வருகிறது என்று சிலர் அவற்றைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள். திரையில் அதைப் பற்றியும் ஒரு வரி இருந்தது, செய்யக்கூடாதவை பட்டியலில் நான்காவதாக. அடுத்த நாள் காலை அந்தப் பெரியவரும் இரண்டு பேரும் உளியோடு சுவருக்குப் போய்விட்டார்கள். நான் அளவு எடுக்கப் போனபோது மூன்று குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். புத்தகம் என்று சொல்ல முடியாது, பன்னிரண்டு பக்கம். மலைச்சரிவைப் பற்றி, மலைமேல் குடியிருப்பவர்களுக்கு. பருப்பு ஏன் வேகவில்லை என்பது முதல் இரண்டு பக்கம். அதற்கும் சரிவுக்கும் என்ன சம்பந்தம் என்றால் காற்றுக்கும் தண்ணீருக்கும் அழுத்தம் உண்டு என்பதை நம்பவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. கலைச்சொற்களைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. 'பிடி' என்று ஐந்து பக்கம் சொல்லிவிட்டு, இதைப் பாடநூலில் சறுக்குப் பெயர்ச்சி வலிமை என்பார்கள் என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கும் பேரப்பிள்ளைக்கு நாளைக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கும். தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் இப்போது பெரும்பாலும் தமிழில்தான் நடக்கிறது. அக்காள் மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள், எனக்குத் தெரியாத சொற்களை அவள்தான் சொல்லித்தந்தாள். ஆவியாதல், நீராவிச் சுருங்குதல் எல்லாம் அவள் உபயம்.

அம்மாதான் முதல் வாசகர். ஆறாம் ஆண்டோடு நின்றவர், எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆனால் விடாமல் படிப்பார். சிவப்புப் பேனா கொடுத்திருந்தேன். 'துளைநீர் அழுத்தம்' என்று இருந்த இடத்திலெல்லாம் கோடு போட்டுவிட்டு, ஓரத்தில் 'மண்ணு பொதபொதன்னு ஆவறது' என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றில்லை. பொதபொதப்பது கண்ணுக்கும் காலுக்கும் தெரியும், அழுத்தம் அதற்கு முன்னாலேயே உள்ளே ஏறியிருக்கும். இதை அவரிடம் சொன்னேன். "அப்ப கால் வைக்கிறதுக்கு முன்னாலயே தெரிஞ்சிக்க என்ன வழின்னு எழுது" என்றார். பியசோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஆனால் கருவி இல்லாத வீட்டில்? சுவர்க் குழாயில் வந்துகொண்டிருந்த தண்ணீர் மழையிலேயே நின்றுபோவது, தெளிவாக வந்தது சேறாக வருவது, மேலே தேயிலை வரிசையில் வில் போல வெடிப்பு விடுவது, கதவு திடீரென்று நிலையில் இடிப்பது. இவற்றுக்கு இப்போது தனியாக ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது. ஏழாம் பக்கத்தில் படம் தப்பு என்றும் அம்மா குறித்திருக்கிறார். டம்ளரை நேராக வரைந்து வைத்திருக்கிறார்கள், கவிழ்த்து வரைய வேண்டும். வரைந்து தந்த நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.